குழாய் ஏழு

ஊட்டியில் வளர்த்த படிகம்
காந்த அளவிக்காகக் கோவைக்கு இறங்குகிறது.
திரவ நைட்ரஜன் குடுவை என் முழங்கால்களுக்கு நடுவில்.
மூடியை இறுக்கக் கூடாது,
அதற்கு மூச்சு விட வேண்டும்.
ஜன்னல்கள் திறந்தே கிடந்தும்
குன்னூர் தாண்டியதும் காது அடைத்தது.

"உள்ள என்னங்க மேடம்?" என்றார் ஜோகி.
சீசியம். அதை இருபுறமும் கவ்விய இரண்டு வளையங்கள்.
அது உதறிவிட்ட ஓர் எலக்ட்ரான்.
"அந்த எலக்ட்ரான் இப்ப யாரோடது?"
யாருடையதும் இல்லை.
மூலக்கூறுகள் அடுக்கி அமர்ந்தபோது
இடையில் விழுந்த குழியில் இருக்கிறது.
"அப்ப காலி எடம்."
காலி இல்லை ஜோகி.
நீலம். ஏறக்குறையக் கறுப்பு.

குழிக்கும் குழிக்கும் நடுவே குறுகலாக ஒரு சந்து.
அதன் வழியாகத்தான்
பக்கத்தில் ஆள் இருப்பது தெரியும்.
வெதுவெதுப்பில் ஆளுக்கொரு திசை பார்ப்பவை
கடுங்குளிரில் ஒழுங்குக்கு வரும்:
ஒன்று மேலே என்றால் அடுத்தது கீழே.
வெளியிலிருந்து அளந்தால்
காந்தமே இல்லாத மாதிரி இருக்கும்.
இருக்குமா என்று பார்க்கத்தான் போகிறோம்.
ஜோகி ஒன்றும் சொல்லாமல் கியரைக் குறைத்தார்.

பர்லியாருக்குக் கீழே வண்டிகள் நின்றிருந்தன.
பலா பழுக்கும் ஆனி மாதம்.
சாலை நடுவில் ஒற்றை யானை.
ஒரு பக்கம் மலைச்சுவர்,
மறுபக்கம் தடுப்புக் கம்பி, அதற்கப்பால் பள்ளம்.
ஏறுகிற வண்டிகள் அந்தப் பக்கம்,
இறங்குகிறவை இந்தப் பக்கம்,
விளக்கணைத்து, முகத்துக்கு முகம்.
உவமை வேண்டாம் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.
ஜோகிதான் சொன்னார், கிசுகிசுப்பாக:
"பாத்தீங்களா? ஒண்ணு மேல, ஒண்ணு கீழ.
மொத்தத்துல யாரும் நகரல."

ஒரு மணி நேரம்.
மரக்கோலைக் குடுவைக்குள் விட்டு எடுத்தேன்.
உறைபனி படிந்த உயரம் ஆறு விரல்.
பிறகு நாலு.
கல்லாறு பக்கமிருந்து ஏறி வந்த காற்றில்
பாக்குத்தோப்பின் புழுக்கம்.
மைனஸ் நாற்பதைத் தாண்டினால்
மூன்று மாத வேலை போச்சு.
முன்னால் நின்ற பஸ்ஸில் ஒரு குழந்தை அழத் தொடங்க
யாரோ வாயைப் பொத்தினார்கள்.
குடுவையிலிருந்து வழிந்த வெண்புகை
என் செருப்பைச் சுற்றிவிட்டுக் கலைந்தது.

யானை சுளைகளைத் தின்று முடித்தது.
இந்தப் பக்கம் பார்த்தது, அந்தப் பக்கம் பார்த்தது.
பிறகு நெற்றியால் தடுப்புக் கம்பியைச் சாய்த்துவிட்டு
அவசரமே இல்லாமல் பள்ளத்துக்குள் இறங்கியது.
வெகுநேரம் கழித்து
கீழே எங்கோ ஒரு கிளை முறிந்தது.

கோவையில் ஆறாம் குழாய் நீலமாகவே இருந்தது.
நாலரை கெல்வினில்
ஏறிக்கொண்டிருந்த வளைவு கவிழ்ந்தது.
நான் கத்தியதில் காவலாளி ஓடி வந்தார்.

ஏழாவது, கம்பியில் சற்று மேலே தொங்கியது,
வெளுத்திருந்தது.

"எலக்ட்ரான் எங்க போச்சு?"
ஜோகி குழாயை வெளிச்சத்தில் உயர்த்திப் பார்த்தார்.
எங்கும் போகவில்லை.
சூடு ஏறியதும்
பக்கத்தில் இருந்த வளையத்தையே உடைத்துவிட்டது.

கொஞ்சம் யோசித்தார்.
"ஹைவேஸ் ஆபீசுக்கு ஒரு ஃபோன் போடணும் மேடம்.
ராத்திரியில அந்த வளைவுல
கம்பி இல்லேன்னு யாருக்கும் தெரியாது."