முதல் வரிசை

குத்தாயிசியில், ரியோனி ஆற்றுப் பாலத்துக்கு இப்பால்,
செருப்புக் கடையாக இருந்த நிலவறை.
முப்பத்து நான்கு நாற்காலிகள். இரண்டுக்குக் கால் ஆடும்.
எனக்கு வாய்த்தது அதில் ஒன்று.

மௌனம் வருகிற காட்சிகளில்
ஒத்தார் எழுந்துபோய் ஹீட்டரை அணைப்பார்,
அது இருமும் என்பதால்.
பிறகு நாங்கள் இருமுவோம்.

காலை நீட்டினால் மேடை.
நாத்தேலா காலி நாற்காலிக்கு எதிரே சூப் ஊற்றுகிறாள்.
நிஜச் சூப். கொத்தமல்லி மணம்.
பின்வரிசையில் யாருக்கோ வயிறு உறும,
அது அடங்கும்வரை பொறுத்து
அடுத்த வசனத்தைச் சொன்னாள்.

மூன்றாம் காட்சியில் கடிதம் வருகிறது.
படிக்கிறாள். உதடு மட்டும் அசைகிறது.
இவ்வளவு கிட்டத்தில் ஒரு முகம் உடைவதை
என் வீட்டில்கூட நான் பார்த்ததில்லை;
அதற்குள் எழுந்துபோயிருப்பேன்.
இங்கே எழுந்தால் நாற்காலி கத்தும்.

விரல் தளர்ந்து
தாள் என் ஷூவின் மேல் விழுந்தது.
குனியக் கூடாதென்று தெரியும்.
கண் குனிந்துவிட்டது.

எரிவாயு பில்.
நவம்பர், டிசம்பர்,
சிவப்பு முத்திரையில் கடைசி எச்சரிக்கை.

இதற்கா அழுதாள் என்று
ஒரு நொடி சிரிப்பு முட்டியது.
பக்கத்தில் சியாலா மூக்கை உறிஞ்சினாள்.
அவளுக்கு அது கடிதம்தான்.
எனக்கும், பார்த்துக்கொண்டே இருக்கையில்,
தொகையின் எண்கள் கலங்கத் தொடங்கின.

கைதட்டல் ஓய்ந்ததும் நாத்தேலா
நேரே என்னிடம் வந்து கையை நீட்டினாள்.
பணத்துக்கென்று நினைத்துப் பையைத் துழாவினேன்.

"கடிதம்," என்றாள்.
"நாளைக்கும் வேண்டும்."