மெத்தைக் கடைப் பள்ளிக்கூடம்

பதினேழு வருடமாக
நான்தான் அந்தக் கடிதங்களை அடித்தேன்.
"தங்கள் பிள்ளை பத்து நாட்களாகப்
பள்ளிக்கு வரவில்லை."
பெயருக்கு இடம் இருக்கும், தேதிக்கு இடம் இருக்கும்.
காரணத்துக்கு இடம் இல்லை.
முதலில் அதை எழுதியவருக்குத்
தாள் போதவில்லை போலும்.

போன குளிரில் கண்காணிப்பாளர் கூப்பிட்டார்.
"வராதவர்கள் எல்லாரையும் உனக்குத்தானே தெரியும்?
அவர்களுக்கென்று தனியாக ஒரு பள்ளி,
திட்டம் போட்டுக் கொடு" என்றார்.
எனக்குத் தெரிந்தது அவர்களின் எழுத்துக்கூட்டல் மட்டும்
என்று சொல்ல வாய் வரவில்லை.

இடம் தேடினோம்.
நெடுஞ்சாலை ஓரம், டயர்க் கடைக்கும்
வரி அலுவலகத்துக்கும் நடுவில்
மூடிப்போன மெத்தைக் கடை ஒன்று.
பலகையைக் கழற்றிய பிறகும்
வெயில் படாத சுவரில் எழுத்துகள் தெரிந்தன:
நன்றாகத் தூங்குங்கள்.
சுண்ணாம்பு இரண்டு கை அடித்தும் போகவில்லை.

நாற்பத்தொரு பெயர்கள். வீடு வீடாகப் போனேன்.
அன்செல்மோ ஆப்பிள் கிடங்கில் இரவு வேலை,
விடிகாலை நாலு மணிக்குத்தான் வீடு.
எட்டு மணிக்கு அவனுக்கு அல்ஜீப்ரா.
நெரெய்டா இடுப்புக் குழந்தையோடு
கதவைக் காலால் தள்ளித் திறந்தாள்.
கோர்வின் திறக்கவே இல்லை.
ஜன்னல் இடுக்கில் பேசினான்:
"உடுப்பு நாறுது என்று சிரித்தார்கள்.
அவ்வளவுதான்."

அவ்வளவுதான்.
கோப்பில் அவன் பெயருக்கு எதிரே
'ஆர்வமின்மை' என்று
நானே அடித்திருக்கிறேன்,
எழுத்துப்பிழை இல்லாமல்.

திட்டம் ஒன்றரைப் பக்கம் வந்தது.
காலை பதினொன்றுக்குத் தொடக்கம்.
தொட்டில் போட ஓர் அறை.
கணக்குக்கும் ஆங்கிலத்துக்கும் ஆளுக்கொரு ஆசிரியர்.
ஒரு சலவை இயந்திரம்.

வாரியக் கூட்டத்தில் ஹால்வர்சன்
கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார்.
"பள்ளிக்கூடமா, வண்ணான் துறையா?"
கூடம் சிரித்தது. எனக்கே கொஞ்சம் சிரிப்பு வந்தது.
மனப்பாடம் செய்த புள்ளிவிவரம் எல்லாம்
அந்த நேரம் பார்த்துக் காலை வாரியது.
"என் கடிதங்களால்
ஒரு பிள்ளைகூடத் திரும்பி வந்ததில்லை.
இதையாவது செய்து பார்க்கலாம்"
என்று மட்டும் சொல்லி உட்கார்ந்தேன்.
மூன்றுக்கு இரண்டு.
பள்ளி தேறியது. இயந்திரத்தை அடித்துவிட்டார்கள்.

கணக்கு டீச்சர் ஓட்டிலி, தன் அண்ணன் வீட்டுப் பழையதை
லாரியில் போட்டுக் கொண்டுவந்தார்.
மூடி நிற்காது.
மேலே அல்ஜீப்ரா புத்தகம் ஆறு அடுக்கினால்தான் ஓடும்.

பெயர் வைப்பதில் வேறு தகராறு.
அலுவலகம் அச்சடித்து அனுப்பிய சீட்டில்
'இரண்டாம் வாய்ப்பு' என்றிருந்தது.
அன்செல்மோ திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
"முதல் வாய்ப்பு எப்போது வந்தது?
அன்றைக்கும் நான் லீவா?"
சீட்டுக் கட்டு மொத்தமும்
நெரெய்டா மகன் கிறுக்குவதற்குப் போனது.
பெயர் இன்னும் வைக்கவில்லை.
பிள்ளைகள் மெத்தைக் கடை என்கிறார்கள்.

முதல் நாள் ஒன்பது பேர்.
நாற்பத்தொன்றில் ஒன்பது.
ஹால்வர்சனின் காரியதரிசி
எண்ணிக்கை கேட்டுப் போன் செய்தாள்.
"எண்ணிக்கொண்டிருக்கிறேன்" என்றேன்.

வியாழன், பதினொன்று இருபதுக்கு
கோர்வின் வந்தான்.
கையில் கறுப்புக் குப்பைப்பை நிறையத் துணி.
யாரையும் பார்க்கவில்லை. யாரும் அவனைப் பார்க்காதிருக்க
எல்லாரும் பாடுபட்டோம்.
துணியைப் போட்டு, புத்தகங்களை அடுக்கி,
மிச்சமிருந்த ஒரே நாற்காலியில் உட்கார்ந்தான்.
அது கரும்பலகைக்கு எதிரே இருந்தது
அவன் குற்றமில்லை.

ஓட்டிலி ஒரு சமன்பாட்டைப் பாதியில் விட்டு
யாரையும் கேட்காத மாதிரி கேட்டார்.
சுவருக்கப்பால் தண்ணீர் நிரம்பியது, குலுங்கியது,
வடிந்தது, மறுபடி நிரம்பியது.

நாற்பது நிமிடம் கழித்து
இயந்திரம் கூப்பிட்டது.
அவன் எழுந்திருக்கவில்லை.
"ஒரு நிமிஷம்" என்றான்
இயந்திரத்திடம்.