எழுபத்தொன்பது வரை

மாமரத்தடியில் நிறுத்தியது நான்தான்.
கொள்முதல் நிலையத்தில்
மாசி வெயிலுக்கு வேறு நிழல் இல்லை.
நெல் வெளியே, நான் காருக்குள்,
ஒன்பது ராத்திரி.

பூத்த மரம் இப்படிச் சொட்டும் என்று
யாரும் சொல்லவில்லை எனக்கு.
தத்துப்பூச்சி குடித்துவிட்டு விடுவதாம் அது.
தேன் மாதிரி இருக்கும், தேன் இல்லை.
அதன்மேல் பக்கத்துக்காரர் தூற்றிய பதர்,
அதன்மேல் லாரிப் புழுதி,
நாலாம் நாள் ஒரு தூறல்,
மறுபடி வெயில்.
மெரூன் ஆல்ட்டோ
எள்ளுருண்டை மாதிரி வீடு வந்தது.

கூத்தாநல்லூர் நூருல்லா போனில் சொன்னான்:
நாரைத் தொடாதே.
மண்ணெண்ணெய் கூடவே கூடாது.
வெயிலில் கழுவாதே, தகரம் ஆறட்டும்.
பழைய துண்டை வெந்நீரில் நனைத்துப் போர்த்து,
காய்ச்சல்காரன் நெற்றிக்குப் போடுகிற மாதிரி.
பத்து நிமிஷம். அப்புறம் துடை.
தேய்க்காதே, துடை.
விடாத இடத்துக்குத் தேங்காயெண்ணெய்.
அதற்கும் விடாவிட்டால் காம்பவுண்டு.
கறையோடு பெயின்ட்டும் கொஞ்சம் வரும்,
பரவாயில்லையா?

நாலு மணிக்கு அம்மையப்பனிலிருந்து
வண்டி பார்க்க ஆள் வருகிறது.
நெல் பணம் இன்னும் ஏறவில்லை.
கணக்கில் இருப்பது
அமுதவல்லியே சிரித்துவிடுகிற தொகை.

கூரை சுலபமாக விட்டது.
கதவுகளும்.
வைப்பருக்குக் கீழே ஒரு நெல்
விரற்கடை உயரம் முளைத்திருந்தது.
ஈரம் பத்தொன்பது, காயப்போடு என்று
இரண்டு தடவை திருப்பிய நெல்.
பிடுங்கினேன். வேர் பிசினில் ஒட்டிக்கொண்டு
வர யோசித்தது.

பானெட்டிலிருந்து துண்டை எடுத்தபோது
கோடுகள்.

மூட்டை ஏற்றிய அன்று
சுமைகாரர் சேப்பெருமாளின் சுண்ணாம்புக்கட்டி
எங்கேயோ விழுந்துவிட்டது.
ஒவ்வொரு மூட்டைக்கும் ஒரு கோடு,
என் வண்டிப் பிசுக்கில் விரலால் இழுத்தார்.
நாலு நிற்கும், ஐந்தாவது குறுக்கே படுக்கும்.
அது ஒரு கட்டு.
"வண்டிதானே, கழுவிக்கலாம்" என்றார்.
கழுவிவிட்டேன்.
விரல் போன தடம் மட்டும் பழைய மெரூன்,
சுற்றிலும் பிசின் தின்ற மங்கல்.

எண்ணினேன்.
பதினாறு கட்டு, மீதி நாலு.
எண்பத்துநாலு.

ரசீது டாஷ்போர்டுக்குள் இருந்தது.
எழுபத்தொன்பது.

எதிர்ப்பக்கம் போய் நின்றும் எண்ணினேன்.
கோட்டுக்குத் தலைகீழ் கிடையாது.
மூட்டைக்கு நாற்பது கிலோ.
முழுசாக ஒரு கட்டு
லாரிக்கும் ரசீதுக்கும் நடுவில்
எங்கேயோ இறங்கிக்கொண்டிருக்கிறது.

அமுதவல்லி செல்போனில் படம் எடுத்தாள்.
வானம் விழுந்தது, அவள் முகம் விழுந்தது,
ஓரத்தில் எங்கள் தென்னை விழுந்தது.
கோடு விழவில்லை.
சாய்த்து எடுத்தாள், குந்தி எடுத்தாள்.
அவ்வளவு சுத்தமாகத் துடைத்திருக்கிறேன்.
"பேப்பர்ல எழுதி வச்சிக்க" என்றாள்.
என் கையெழுத்தை எந்த ஆபீசில் காட்டுவது?
சேப்பெருமாளின் விரலையும்
கூட்டிக்கொண்டு போக முடியாது.
நாளைக்கும் அவர் அங்கேதான் மூட்டை தூக்கவேண்டும்.

மணி மூன்றே கால்.
காம்பவுண்டு டப்பாவைத் திறந்தேன்.
சின்னச் சின்ன வட்டமாக, அழுத்தாமல்.
முதல் கட்டு போயிற்று.
துணி மெரூனாகியது.
ஐந்து, பத்து, பதினைந்து,
வாய் தானாக எண்ணியது,
களத்தில் எண்ணியதுபோலவே உரக்க.
கடைசியில் தனியாக நின்ற நாலையும் எடுத்தேன்.
ரசீதில் இருப்பது வரைக்கும் அழித்தாயிற்று.
கை அங்கே நின்றுகொண்டது.

வந்தவர் டயரை உதைத்தார்,
ஹார்ன் அடித்தார்,
பானெட்டில் குனிந்தார்.
"இதென்ன, பசங்க கிறுக்குனதா?"
"மாமரம்" என்றேன்.
விரலால் தடவிப் பார்த்தார்,
நாலையும், குறுக்கே படுத்ததையும்.
"நல்லா புடிச்சிருக்கே."

இரண்டாயிரம் குறைத்துக்கொண்டார்,
மரத்துக்கு.