வெள்ளோட்டம்

தாம்பரத்தில் கடை பார்த்தாகிவிட்டது.
அட்வான்சுக்கு வெள்ளிவரை பொறுப்பதாகச் சொன்னார் கடைக்காரர்.
ஆடிட்டர் பத்மாசனி என் கணக்கு நோட்டை மூடினார்.
வரி கட்டிய ரசீது, உணவு லைசென்ஸ், பேங்க் கேட்ட மூன்று வருஷக் காகிதம்
எல்லாம் சரி என்றார்.
கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்:
"ஒரு நாள் நீ இல்லாம ராயபுரம் ஓடுமா, பர்வீன்?"

பதினோரு வருஷம்.
தினம் ஆயிரத்தெண்ணூறு சமோசா, இருபத்திரண்டு டீக்கடை.
மாமியார் மய்யத்தை எடுத்த அன்றும்
மாலை நாலுக்கு எண்ணெய் காய்ந்தது.
ஓடுமா என்று யாரும் கேட்டதில்லை.
நானும்.

முதலில் என் கையை எடை போட்டோம்.
ஒரு டப் வெங்காயத்துக்கு ஒரு கைப்பிடி உப்பு என்பேன்.
எப்சிபா தராசை நீட்டினாள்.
நாற்பத்திரண்டு கிராம்.
மறுபடி அள்ளினேன், நாற்பத்தாறு.
மூன்றாம் முறை முப்பத்தொன்பது.
"இதுல எதுக்கா உங்க கை?"
எல்லாமே என் கைதான்டி,
வெங்காயத்தைத் தொட்டதும் அதுவாகக் கூடும், குறையும்,
அதை எந்தக் கட்டத்தில் எழுதுவேன்?
கடைசியில் சுவரில் ஒட்டியது: 42.
அடியில் பொடி எழுத்தில்,
வெங்காயம் ஈரமென்றால் மூன்று கூட.

புதன்கிழமை.
சாவியை எப்சிபாவிடம் கொடுத்தேன்.
போனை அணைத்தேன்.
கடற்கரை ஸ்டேஷனில் பறக்கும் ரயில் ஏறினேன்,
போக ஓரிடமும் இல்லாமல்.

சேப்பாக்கம் வரும்போது மைதா பிசைந்திருப்பார்கள்.
லைட்ஹவுஸில் கடல் தெரிந்தது, நான் பார்க்கவில்லை,
சிலிண்டர் மாற்றத் தில்லைராஜுக்கு வருமா என்றிருந்தேன்.
அப்புறம் அந்த ஸ்டேஷன்கள்.
ஒரு ஊரையே குடிவைக்கலாம், அத்தனை தூண், அத்தனை படி,
புறாக்கள் மட்டும் வாடகையில்லாமல்.
யாரோ பெரிதாக நினைத்து, பெரிதாகக் கட்டி,
ஆள் வருவதற்குக் காத்திருக்கிறார்கள்.
தாம்பரத்துக் கடையின் நீள அகலம் நினைவுக்கு வந்து
வயிறு ஒரு தடவை புரண்டது.

வேளச்சேரியில் இறங்கி ஒரு டீ, ஒரு சமோசா.
ஓரம் தடிப்பு.
உப்பு முப்பத்தைந்துதான் இருக்கும்.
திரும்பக் கடற்கரை. திரும்ப வேளச்சேரி.
எதிரே உட்கார்ந்திருந்த பெண் கேட்டாள்,
"ஏதாவது தொலைச்சிட்டீங்களாம்மா?"

ஏழு மணிக்குக் கடைக்குள் வந்தேன்.
ஓர் ஈடு கருகியிருந்தது.
கல்மண்டபத்துக் கடைக்காரருக்குக் கடனாக நூற்றிருபது கொடுத்திருந்தாள் எப்சிபா.
அவருக்குக் கடன் கிடையாது என்பது
என் தலைக்குள் மட்டுமே எழுதியிருந்தது.
அது என் தப்பு.

மடிக்கிற மேசை இடம் மாறியிருந்தது.
ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டிருந்தான் தில்லைராஜ்.
அடுப்புச் சூடு படாததால் பட்டை காயவில்லையாம்.
எதிரெதிரே இரண்டு பேர் உட்காரலாமாம்.
கருகியது போக ஆயிரத்தெண்ணூற்றறுபது.
பதினோரு வருஷமாக அந்த மேசை சுவரோரம் நின்றது,
முதல் நாள் நான் அங்கே போட்டேன் என்பதற்காக.

"என்னை யாராவது தேடினாங்களா?"
"யாரும் தேடலக்கா!"
நல்ல செய்தி சொல்லும் முகத்தோடு சொன்னாள்.
நல்ல செய்திதான்.

குழாயைத் திறந்து கை கழுவினேன்.
கையில் மாவில்லை, எண்ணெயில்லை,
ஆனாலும் வெகுநேரம் கழுவினேன்.

பிறகு போனை உயிர்ப்பித்துத் தாம்பரத்துக்குப் பேசினேன்.
நாளைக்கே வருகிறேன் என்றேன்.
வைக்கும் முன் ஒன்று கேட்டேன்,
அந்தக் கடைக்கு ஜன்னல் எந்தப் பக்கம்?