கறுப்புச் சுவர், விஜினாபுரா

ஒரு கப் கறுப்பு எமல்ஷனுக்கு
இரண்டு மேசைக்கரண்டி கிரவுட் பொடி.
டைல் இடுக்கில் அடைப்பார்களே, அது.
மணல் கலந்ததைக் கொடுத்துவிட்டார் கடைக்காரர்.
திரும்பப் போய் மாற்றி வந்தேன்,
கே.ஆர்.புரம் நெரிசலில் நாற்பது நிமிடம்.

பொடியை முதலில் தண்ணீரில் குழைக்க வேண்டும்,
கட்டி தட்டினால் சுவரில் பருப்பருவாக நிற்கும்.
ஒரு தோசைக்கரண்டி போயிற்று.
பழைய ரோலர், பழைய நைட்டி,
ஃப்ரிட்ஜுக்கும் அடுப்புக்கும் நடுவே
மூன்றடிக்கு நாலடி.
முன்பு குடியிருந்தவர்கள் தாளித்ததெல்லாம்
அங்கேதான் மஞ்சளாய் ஒட்டிக்கிடந்தது.

இரண்டு பூச்சு. இடையில் நாலு மணி நேரம்.
அப்புறம் மூன்று நாள் தொடக்கூடாது.
தொடாமலிருப்பதில்
எங்களுக்கு ஏற்கெனவே பழக்கம் உண்டு.
பரஞ்சோதிக்கு வைட்ஃபீல்டில் நைட் ஷிப்ட்.
எனக்குக் காலை ஆறரைக்கு ரத்தப் பரிசோதனை லேப்.
அவன் ஷூவைக் கழற்றும் வாசலில்
நான் செருப்பை மாட்டுவேன்.

நான்காம் நாள் செய்ய வேண்டியது ஒன்று:
சாக்பீஸைப் படுக்கவைத்துச் சுவர் முழுக்கத் தேய்த்து
உலர்ந்த துணியால் துடைத்தெடுப்பது.
இல்லாவிட்டால் முதலில் எழுதுவது
சுவருக்குள் இறங்கிவிடும்.
லேப் முடித்து வந்து செய்யலாம் என்றிருந்தேன்.
வந்தபோது அவன் எழுதிவிட்டுத் தூங்கியிருந்தான்:
டெஸ்டிங் டெஸ்டிங் ஒன் டூ த்ரீ

ஈரத்துணி. வினிகர். பாத்திர நார்.
போகவில்லை.

பிறகு எல்லாவற்றையும் அதன்மேல்தான் எழுதினோம்.
பால் திரிஞ்சுபோச்சு, ஏன் சொல்லல. டெஸ்டிங்.
உங்க அம்மா மூணு தடவை கூப்பிட்டாங்க. டெஸ்டிங்.
சிலிண்டர் புக் பண்ணியாச்சு.
கோபம் போச்சா?
அதற்குப் பதிலாக ஒரு தக்காளி வரைந்தேன்.
என்ன அர்த்தத்தில் வரைந்தேன் என்று எனக்கே தெரியாது.
அவன் இரண்டு கிலோ வாங்கி வந்திருந்தான்.

ஏப்ரலில் போர்வெல் காற்றடித்தது.
டேங்கர் வந்தால் கீழ்வீட்டோடு சரி.
அவன் எழுதினான், கொட்டை எழுத்தில்:
ஓனரம்மா மோட்டார் போடுறதே இல்ல. மகா கஞ்சம்.
நான் அடிக்கோடு போட்டேன். இரண்டு.

ஞாயிற்றுக்கிழமை குழாய்க் கசிவைப் பார்க்க
நாகவேணி ஆன்ட்டி மேலே வந்தார்.
கறுப்பைப் பார்த்ததும் நின்றார்.
எங்கள் பத்து மாத அட்வான்ஸ்
அவர் முகத்தில் ஒருமுறை ஓடி மறைந்தது.
'ஏனு இது?'
'சாமான் லிஸ்ட், ஆன்ட்டி' என்றேன்
என் அரைக் கன்னடத்தில்.
கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு
ஒவ்வோர் எழுத்தாக
உதடசைத்துப் படித்தார்.
அடிக்கோடுகளையும் படித்தார் என்று தோன்றியது.

'நான் பொறந்தது கேஜிஎஃப்மா.
எங்க லைன்ல பாதி வீடு தமிழுதான்.'

குக்கர் மூன்றாவது விசில் அடித்தது.
நான் அணைக்கவில்லை.

அவர் சாக்பீஸை எடுத்தார்.
அவன் வரிக்குக் கீழே, கொஞ்சமும் சாயாமல்:
மோட்டார் காலை 5.30 – 6. எழுந்தால் வரும்.
அதற்கும் கீழே, சின்னதாக:
பெயிண்ட் கழிவு ஒரு மாச வாடகை.
விரல்களைச் சேலையில் துடைத்துக்கொண்டு
'பருப்பு அடிபிடிக்குது பார்' என்று இறங்கிப்போனார்.
குழாய்க் கசிவை அவர் பார்க்கவில்லை,
நானும் நினைவுபடுத்தவில்லை.

மறுநாள் விடியலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தேன்.
உள்ளே போனவன் அதே வேகத்தில் வெளியே வந்தான்.
'யாரு கையெழுத்து அது?'

நேரமாகிவிட்டது. ஆனாலும் சொன்னேன்,
விசிலோடு, சேலையோடு,
அவர் உதடசைத்ததைச் செய்துகாட்டி.
வாசற்படியில் உட்கார்ந்து சிரித்தான்,
ஒரு காலில் இன்னும் ஷூ.

ஐந்தே முக்கால். குழாயைத் திறந்தோம்.
முதலில் காற்று.
அப்புறம் துரு.
அப்புறம், 'பக்கெட்டை நகர்த்து, நகர்த்து' என்றான்.