அழித்த கோடு

வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடித்துக் காட்டுபாவா வந்ததும்
கிளம்பினோம், நாலு பேர், ஒரு பழைய சன்னி.
எங்கே என்று யாராவது கேட்டால் சொல்ல வெட்கம்.
கடல் இல்லை, மால் இல்லை.
ரோடு பார்க்கப் போகிறோம்.

இ எண்பத்தெட்டு.
ஷார்ஜாவில் தொடங்கித் தைத் வழியாக
மசாஃபி மலைக்கு ஏறுவது.
எண்ணைச் சுற்றி ஒரு ராஜாளி.
அதன் உடம்புக்குள் மூன்று இலக்கத்தை அடைக்கிற பாடு
பொற்கொடிக்குத்தான் தெரியும்.
பலகைக் கம்பெனியில் வரைகிறாள்.
இரண்டு இலக்கச் சாலை என்றால்
அன்றைக்கு அரை மணி முன்னதாக வீடாம்.

"பதினொன்று கடலோரம்.
முன்னூத்திப் பதினொன்று அதுக்குத் தம்பி,
அறுநூத்திப் பதினொன்று கடைக்குட்டி.
ஒண்ணுக்கொண்ணு தள்ளித் தள்ளிப்
பாய் போட்ட மாதிரி படுத்திருக்கும், பாரு"
என்றான் இன்னாசிமுத்து.
"அப்போ நாப்பத்திநாலு யாருக்குப் பொறந்தது?"
கண்ணைத் திறக்காமலே கேட்டான் காட்டுபாவா.

டிரெய்லரில் பதினாறு வருஷம்.
வேறொருவர் ஓட்டும் வண்டியில் அவன் கண் மூடித்தான் இருப்பான்.
"புதுத் தார்" என்பான்.
"பாலம்."
"இப்போ வேற எமிரேட்."
பலகை வர இன்னும் நூறு மீட்டர் இருக்கும்.

நான் கோடு போடுகிறவன்.
இருநூறு டிகிரியில் உருகுகிற வெள்ளை.
அது ஆறுவதற்குள் மேலே கண்ணாடி மணி விழ வேண்டும்,
கொதிக்கிற தண்ணீரில் கட்டி தட்டாமல்
ரவை தூவுகிற கை வேண்டும் அதற்கு.
மூன்று மீட்டர் கோடு.
ஒன்பது மீட்டர் சும்மா.
"நம்ம லீவு மாதிரி" என்றான் இன்னாசி.
"எதைச் சொன்னாலும் அங்கேயே கொண்டுபோய் முடி"
என்றாள் பொற்கொடி.
"இடைவெளி இல்லேன்னா எவனும் எவனையும் முந்த முடியாது.
அவ்வளவுதான் அது."

வெள்ளிச்சந்தையில் மாதுளை வாங்கித் திரும்பினோம்.
பெயர்தான் வெள்ளி, ஏழு நாளும் திறந்திருக்கும்.
தைத்துக்கு முன்னால், மாற்றுப்பாதை இருந்த இடத்தில்
ஓரமாக நிறுத்தச் சொல்லவில்லை யாரும்;
நான்தான் நிறுத்தினேன்.
இதைக் காட்டத்தான் கூட்டிவந்தது.

எட்டு மாதம் இங்கே வேலை.
முடிந்ததும் பழைய கோட்டைச் சுரண்டியவன் நான்.
சூப்பர்வைசர் நடந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டார்.
நண்பகலில் பார்த்தால் சுத்தம்.

மணி ஐந்தேகால்.
சூரியன் சாலையின் நுனியில் வந்து உட்கார்ந்தது.
நேற்று போட்டதுபோல் இருக்கும் என் வெள்ளைக் கோடு
எதிர்வெயிலில் கறுத்துப்போக,
சுரண்டிய தழும்பு எழுந்தது,
பளபளவென்று, வெள்ளியாய்,
வலப்பக்கம் வளைந்து, மணலுக்குள்.

"அடப்பாவி" என்றான் இன்னாசி. என்னையா, சூரியனையா, தெரியவில்லை.

அப்போதுதான் அந்தப் பிக்கப்.
பின்னால் ஏழெட்டு ஆடு.
கோட்டை மதிக்கிற மனுஷன்,
தழும்பைப் பிடித்து அழகாக வளைந்து
அப்படியே மணலில் இறங்கிப் புதைந்தான்.
ஆடுகள் மென்றுகொண்டிருந்தன.
காட்டுபாவா செருப்பை விட்டுவிட்டு ஓடினான்.

தள்ளி ஏற்றி முடிக்க இருட்டிவிட்டது.
பட்டாணி கிழவர் தாடியிலிருந்து மணலைத் தட்டினார்.
"லைன் இருந்துச்சு" என்றார் இந்தியில்,
தார்மேல் குனிந்து தேடியபடி.
"இங்கதான். நான் பார்த்தேன்."
டார்ச் அடித்தும் ஒன்றும் இல்லை.
வாயைத் திறந்தேன்.
மாதுளை நாலு எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.

பொற்கொடி மட்டும்
அகலம், கோணம், நேரம் என்று
சந்தை ரசீதின் பின்னால் குறித்துக்கொண்டாள்.
"நாளைக்கு ஆபீஸ்ல சொல்லணும் நீ."
"சொல்றேன்."
"சொல்லணும்."

வண்டி எடுத்தேன். நூறு மீட்டர் இருக்காது,
டயருக்கடியில் ஒரு சின்ன உரசல்,
நாக்கு மேலண்ணத்தில் பட்டதுபோல.
கண் மூடியிருந்த காட்டுபாவா கேட்டான்:
"இதா?"
"ஆமா."