இருபது கிலோவுக்குக் கீழே

கொடுங்கையூர் எடைமேடையில் எனக்கு வேலை.
லாரி ஏறும், எண் ஏறும்,
சீட்டு கிழியும்.
ஊர் தின்று மிச்சம் வைத்ததைக்
கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து
டன் கணக்கில் எழுதுகிறேன்.

வீட்டுக்கு வந்தால் வேறு கணக்கு.
ஹவுசிங் போர்டு, மூன்றாவது மாடி,
துணி காயப்போட்டால் ஆள் நிற்க முடியாத பால்கனி.
அதில் ஒரு நீல டிரம்,
ஊறுகாய் கம்பெனி கழித்துப் போட்டது.
கம்பியைக் காய்ச்சி நானே போட்ட ஓட்டைகள்
முப்பத்தாறு.
இறுக்கமான மூடி. மூடிமேல் செங்கல்,
பூனைக்காக.

முருங்கைக்கீரைக் காம்பு, டீத்தூள் சக்கை,
முட்டை ஓடு,
மேலே ஒரு கை காய்ந்த இலை.
எங்கள் தெருவில் இலைக்குத்தான் பஞ்சம்.
ரயில்வே காலனி வேப்பமரத்தடியில்
சாக்கோடு குனிந்திருந்தவளைப் பார்த்து
லாரியை நிறுத்தினான் டில்லிபாபு:
"இன்னாக்கா, வேலை பூட்ச்சா?"

முதல் மாதம் தோற்றேன்.
இறால் ஓட்டைப் போட்டது நானில்லை,
வீட்டுக்காரர்.
"அதுவும் குப்பைதானே" என்றார்.
அதுவும் குப்பைதான்.
எதிர்வீட்டு மெகருன்னிசா
முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தாள்.
மூடியைத் திறந்து காட்டினேன்.
உலையில் அரிசி கொதிப்பதுபோல்
புழுக்கள்.
"யா அல்லா" என்று ஓடியவள்
மறுநாள் ஒரு பை மரத்தூள் கொண்டுவந்து வைத்தாள்.
அவள் தம்பிக்குக் காசிமேட்டில்
படகுப் பட்டறையில் வேலை.
இப்போது அவள் வீட்டு வாழைப்பழத் தோலும்
என் டிரம்மில்தான்.

விடிகாலையில் திறந்தால் ஆவி.
உள்ளே கைவிட்டால்
காய்ச்சல் பிள்ளையின் கழுத்துச் சூடு.
முதல் தடவை பயந்து கையை எடுத்துவிட்டேன்.
என் மேடைக்கு அப்பாலும் சில ராத்திரி புகையும்.
அது வேறு.
அதை யாரும் கிளறிவிடுவதில்லை.

கழுத்துவரை போட்டால்
வாரம் கழித்து இடுப்புவரை.
எங்கே போகிறது என்று
எடை போடுகிறவளுக்கே தெரியவில்லை.

நூறாவது நாள், மழை விட்ட ஞாயிறு, சலித்தேன்.
மாங்கொட்டை மூன்று, அப்படியே.
ஆப்பிளில் ஒட்டியிருந்த ஸ்டிக்கர், பளபளவென்று.
நான் மாமியாரோடு சண்டைபோட்ட
அந்த ஸ்பூன்.
மற்றதெல்லாம் கறுப்பு.

சாக்கில் கட்டித் திங்கட்கிழமை
வேலைக்குக் கொண்டுபோனேன்.
லாரி இல்லாத நேரம் பார்த்து
மேடை நடுவில் வைத்துவிட்டு
ஓடிவந்து எண்ணைப் பார்த்தேன்.
பூஜ்யம்.
இருபது கிலோவுக்குக் கீழே
அதற்குக் கண் தெரியாது.
பத்து வருஷமாகத் தெரிந்த விஷயம்தான்.

திரும்பிப் போய்
சாக்கை இடுப்பில் தூக்கி வைத்து நின்றேன்.
டில்லிபாபு கண்ணாடிக்குள் எட்டிப் பார்த்துக் கத்தினான்:
"எண்பது!"
சாக்கைக் கீழே விட்டுவிட்டு
நான் மட்டும் ஏறினேன்.
"அறுபது!"

தனியே பூஜ்யம்,
என்னோடு இருபது.

சிரித்துக்கொண்டே அவன் பட்டனை அமுக்க
சீட்டு வந்தது.
சரக்கு என்ற இடத்தில்
வழக்கம்போல் அதுவாகவே
'குப்பை' என்று அச்சாகியிருந்தது.
அடித்துத் திருத்தப் பேனா தேடுவதற்குள்
பின்னால் லாரி ஹாரன்.